லாத்தா ‘நில்லுங்க’ என்றால்

ஒரு கூரியர்க்காரர் எங்கள் காலாவின் வாசலில் ஒரு காலை உள்ளேயும் ஒரு காலை வெளியேயும் வைத்துக்கொண்டு கால்மணி நேரம் நின்றிருக்கிறார். தோளில் மூட்டை மாதிரி ஒரு பை, கையில் ரசீது. கீழே அவருடைய ஸ்கூட்டரை நகர்த்தச் சொல்லி யாரோ கத்திக்கொண்டிருந்தார்கள். மனிதர் அசையவில்லை. உள்ளே தரையில் கன்னத்தை வைத்துப் படுத்திருந்த ஓர் அம்மாள் அவரைப் பார்த்து “ஹிலோ மத் பையா”, அசையாதே தம்பி, என்று சொல்லியிருந்தார். அவ்வளவுதான். அதில் அதட்டலும் இல்லை, கெஞ்சலும் இல்லை.

அந்த அம்மாளை நாங்கள் லாத்தா என்போம். மூத்த சகோதரியைத் தமிழ் முஸ்லிம் வீடுகளில் அப்படித்தான் கூப்பிடுவார்கள். பூர்வீகம் திருநெல்வேலிப் பக்கம், பிறந்து வளர்ந்தது மும்பை தாராவி. என்னை அவர் மாமி என்றார். எனக்கு அப்போது முப்பத்தைந்துகூட ஆகவில்லை. அக்ரகாரம் மாதிரியான மாட்டுங்காவிலிருந்து, காதில் தோடும் கையில் எவர்சில்வர் டப்பாவுமாக வந்து நின்றால் வயது கேட்க மாட்டார்கள் போலிருக்கிறது. நானும் இரண்டு நாள் முறைத்துப் பார்த்துவிட்டு மாமியாகவே ஆகிவிட்டேன்.

காலா என்றால் தொழிற்பேட்டைக் கட்டடத்தில் வாடகைக்கு எடுக்கும் கூடம். எங்களுடையது செம்பூரிலிருந்து டிராம்பே போகும் பக்கம், மூன்றாவது மாடி. அங்கே பிளாஸ்டிக் சாமான் வார்த்தோம். பிளாஸ்டிக் என்றதும் பக்கெட்டும் குடமும் நினைவுக்கு வந்தால் அவற்றை எடுத்து ஒதுக்கி வையுங்கள். எங்கள் சாமான் கசகசாவைவிடச் சற்றுத்தான் பெரிது. பிளாஸ்டிக் குருணையை உருக்கி, ஊசி போடுகிற மாதிரி இரும்பு அச்சுக்குள் செலுத்துவார்கள். அச்சு திறந்தால் ஒரு தீக்குச்சி நீளத்துக்குக் கழிவு வரும். அதன் நுனியில் ஒட்டிக்கொண்டிருக்கும் புள்ளிதான் சாமான். எடுப்பதைவிட எறிவது அதிகமாக இருக்கும் வேலையை, வீட்டில் பலாப்பழம் உரிப்பதைத் தவிர, நான் அங்கேதான் பார்த்தேன்.

அந்தப் புள்ளியில் இரண்டு வகை. குறைமாதத்தில் பிறந்த குழந்தைகளுக்கு மருந்து ஏற்றும் மெல்லிய குழாய்க்குள் இரண்டும் போகும். ஒன்றில் நடுவே முடியிழை பருமனுக்கு ஓட்டை இருக்கும். அதன் வழியாக மருந்து கொஞ்சம் கொஞ்சமாக இறங்கும். மற்றொன்றில் ஓட்டை கிடையாது, குழாயின் உபரிக் கிளையை அடைக்க அது. முதலாவதைக் கண் என்றும் அடுத்ததை மூடி என்றும் சொல்வோம். இரண்டும் ஒரே பால் வெள்ளை. உடம்புக்குள் மருந்து போகிற வழி என்பதால் சாயம் சேர்க்க அனுமதி இல்லை. வெறும் கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். கண் தட்டில் ஒரு மூடி கலந்துவிட்டால், எங்கேயோ ஓர் ஆஸ்பத்திரியில் ஒரு குழந்தைக்கு மருந்து இறங்காது. லாத்தாவின் பயமெல்லாம் அந்த ஒன்றைப் பற்றித்தான்.

சாமானுக்கு எடை என்று சொல்ல ஒன்றும் இல்லை. மூச்சு பட்டால் பறக்கும். மழைக்காலத்தில் சமத்தாக இருக்கும். டிசம்பரில் காற்று காய்ந்ததும் துணியிலும் முடியிலும் தானாகத் தாவி ஒட்டிக்கொள்ளும். அதனால் மெஷின் இருந்த கண்ணாடி அறைக்குள் நைலான் புடவைக்கு இடமில்லை, மின்விசிறிக்கு இடமில்லை, முகமூடி இல்லாத வாய்க்கு இடமில்லை. இவ்வளவுக்குப் பிறகும் ஒரு சாமான் இடுக்கியிலிருந்து துள்ளிவிட்டால், லாத்தா ‘நில்லுங்க’ என்பார். அந்த நொடி யார் எப்படி இருக்கிறார்களோ அப்படியே நிற்க வேண்டும். எடுத்த காலைக் கீழே வைத்தால் செருப்பில் ஒட்டிக்கொண்டு போய்விடும். புடவையைச் சரி செய்தால் காற்றில் இடம் மாறிவிடும். லாத்தா மட்டும் மெல்லக் குனிந்து, தரையோடு தரையாக டார்ச்சைப் பிடித்து வெளிச்சத்தை ஓட விடுவார். அப்படிச் சாய்த்து அடிக்கும் வெளிச்சத்தில் கசகசாவுக்கும் நீள நிழல் விழும். நிழலைப் பிடித்துச் சாமானைப் பிடிப்பார்.

என் வேலை பில் போடுவதும் பெட்டி கட்டுவதும். என் மேசை கண்ணாடி அறைக்கு வெளியே இருந்தது. அதற்குக் காரணம் என் தும்மல். சின்ன வயதிலிருந்து எனக்குத் தும்மல் வந்தால் ஒன்றோடு நிற்காது. அதோடு கையும் காலும் சும்மா இருக்காது. பேசும்போது கை பேசும், கேட்கும்போது கால் ஆடும். “பம்பரத்துக்குப் புடவை கட்டி விட்டிருக்கா” என்பது என் மாமியார் வாக்கு. அப்பேர்ப்பட்ட நான் லாத்தாவைக் கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டே இருப்பேன். இடுக்கி பிடித்த விரல்கள் மட்டும் நகரும். தோள் நகராது, கழுத்து நகராது. சாமானை எடுத்துத் தட்டில் வைக்கும்வரை மூச்சை நிறுத்திக்கொள்வார். வைத்த பிறகு முகத்தை ஒரு பக்கம் திருப்பி விடுவார். எனக்குப் பார்த்தே மூச்சு முட்டும்.

அந்தப் பழக்கம் பேச்சுக்கும் வந்துவிட்டது. ஒரு வாக்கியத்தைத் தொடங்குவார், பாதியில் நிறுத்துவார், நாம் காத்திருக்க வேண்டும்.

“மாமி, நேத்து எங்க வீட்டுல...” என்பார். நான் பில்லில் இரண்டு வரி எழுதிவிடுவேன். “...எலி வந்துட்டு.”

சிரிக்கும்போதும் அப்படித்தான். உடம்பு குலுங்காது. கண்ணில் நீர் மட்டும் கட்டிக்கொண்டு நிற்கும். ஒருநாள் முதலாளி பேன்ட்டைத் திருப்பிப் போட்டுக்கொண்டு வந்ததை நான் ஜாடையில் காட்டினேன். நான் மேசையில் கவிழ்ந்து சிரித்து முடித்துத் தும்மவும் ஆரம்பித்துவிட்டேன். லாத்தா கண்ணாடிக்குப் பின்னால் நேராக உட்கார்ந்து, கன்னத்தில் நீர் வழிய, அடுத்த சாமானை எடுத்துக்கொண்டிருந்தார்.

இப்படி அசையாமல் இருக்க எங்கே படித்தீர்கள் என்று ஒருமுறை கேட்டேன். ஏதோ தொழுகை, தியானம் என்று சொல்வார் என எதிர்பார்த்தேன்.

“தாராவில எங்க ரூம்பு பத்துக்குப் பத்து. ஒம்பது பேரு படுப்போம். நான் நடுவுல. ஒருத்தி பொரண்டா எல்லாரும் பொரளணும். வாப்பாவுக்குக் காலையில ஷிப்ட்டு. அவுக முழிச்சிரக் கூடாதேன்னு அப்படியே கெடப்போம்.” கொஞ்சம் நிறுத்தினார். “பழகிட்டு.”

சாயங்காலம் நாங்கள் இருவரும் செம்பூர் ஸ்டேஷன் வரை ஒன்றாகப் போவோம். ஆறு மணி நடைமேடையைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அங்கே நிற்பது என்று ஒன்று கிடையாது. இடித்துக்கொண்டு போகிறோமா, இடிபட்டுக்கொண்டு போகிறோமா என்பதுதான் கேள்வி. லாத்தா அந்தக் கூட்டத்தின் நடுவே கைப்பையை மார்போடு அணைத்துக்கொண்டு நிற்பார். கூட்டம் அவரைச் சுற்றிக்கொண்டு போகும். யாரும் அவரை இடித்து நான் பார்த்ததில்லை. நானும் ஒருநாள் அதேபோல் நின்று பார்த்தேன். “சலோ ஆன்ட்டி, ஆகே படோ” என்று ஒரு பெண் முதுகில் கை வைத்துத் தள்ளியதில் ரயில் பெட்டிக்குள்ளேயே போய் விழுந்தேன். நல்லவேளை, நான் போக வேண்டிய ரயில்தான்.

அவர் மேல் எனக்கிருந்தது வெறும் பிரியம் இல்லை. பிரியம் எனக்குக் காய்கறிக்காரியிடமும் உண்டு. இது பிரமிப்பு. ஒருநாள் மாட்டுங்காவில், சமையலறையில் என் வைரத்தோட்டின் திருகு கழன்று விழுந்தது. எனக்கே தெரியாமல் என் வாயிலிருந்து “அப்படியே நில்லுங்கோ” என்று வந்தது. என் கணவர் காபி டம்ளரை உதட்டருகே பிடித்தபடி நின்றார். மாமியார் வெண்டைக்காயும் கத்தியுமாக நின்றார். நான் டார்ச்சுடன் தரையில் படுத்தேன், பாத்திர அலமாரிக்கு அடியில் நிழல் நீளமாகத் தெரிந்தது. திருகு கிடைத்தது. அன்று எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. ஆனால் இரண்டு நிமிடம் வீட்டை நிறுத்தியதற்கே என் கணவர் ஒரு வாரம் கேலி செய்தார். லாத்தா மும்பையையே நிறுத்தினார். ஒருவரும் கேலி செய்யவில்லை.

இனி அந்த டிசம்பர் நாளைச் சொல்ல வேண்டும்.

சாமானை வாங்கும் கம்பெனியின் மேடம் அன்று காலையில் நேரில் வந்திருந்தார். எங்கள் காலாவுக்கு அந்த ஒரு கம்பெனிதான். அவர்கள் போய்விட்டால் பூட்டிச் சாவியைக் கொடுத்துவிட்டுப் போக வேண்டியதுதான். முதலாளி, அவரும் தாராவித் தமிழர், புதுச் சட்டை போட்டுக்கொண்டு வந்திருந்தார். ஒரு பெரிய தட்டு நிறையக் கண் தயாராக இருந்தது. மறுநாள் காலை அது அவர்கள் கைக்குப் போய்ச் சேர வேண்டும்.

மேடம் கண்ணையும் மூடியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க ஆசைப்பட்டார். இரண்டையும் ஒரே சமயத்தில் திறப்பது எங்கள் வழக்கம் இல்லை. லாத்தா முதலாளியைப் பார்த்தார். முதலாளி ‘காட்டுங்க’ என்று தலையை ஆட்டினார். லாத்தா கண் தட்டைத் திறந்து வைத்துவிட்டு, மறு டப்பாவிலிருந்து ஒரு மூடியை இடுக்கியில் எடுத்தார். அந்த நேரம் பார்த்து மேடம் நன்றாகப் பார்க்கலாம் என்று குனிந்தார், துப்பட்டா சரிந்தது. இடுக்கியில் இருந்த மூடியைக் காணோம்.

“நில்லுங்க” என்றார் லாத்தா. பிறகு மேடத்தைப் பார்த்து, அதே குரலில், “ஹிலோ மத்.”

மேடம் குனிந்தபடி நின்றார். முதலாளி கையைக் கட்டியபடி நின்றார். நான் கண்ணாடிக்கு வெளியே டேப்பைப் பல்லால் கடித்தபடி நின்றேன். லாத்தா தரையை முழுக்கப் பார்த்தார். மேசையைப் பார்த்தார். மேடத்தின் துப்பட்டாவை இழை இழையாக, அவர் தோளைத் தொடாமல் பார்த்தார். முதலாளியின் புதுச் சட்டையை, தலைமுடியை, முகமூடியைப் பார்த்தார். எங்கும் இல்லை.

அப்படியானால் அது திறந்திருந்த கண் தட்டில்தான் விழுந்திருக்க வேண்டும். லாத்தா தட்டை மூடி, அதன் மேல் கையை வைத்துக்கொண்டார்.

“இது போவாது.”

“லாத்தா, இந்த ஒரு தடவ விட்டுருங்க” என்றார் முதலாளி. குரல் அவருடையதாகவே இல்லை. “அங்க அவங்களும் செக் பண்ணுவாங்கள்லா.”

“நாம பாத்திருப்போம்னு அவங்க இருப்பாங்க. அவங்க பாப்பாங்கன்னு நாம இருந்தா...” மூச்சை நிறுத்தினார். நாங்கள் காத்திருந்தோம். “...கடசில அந்தப் புள்ளதான் பாக்கணும்.”

மேடத்துக்குத் தமிழ் தெரியாது. ஆனால் தட்டின் மேல் இருந்த கை புரிந்தது. நிமிர்ந்து இடுப்பைப் பிடித்துக்கொண்டார். மறுநாள் காலைக்குள் தட்டு வராவிட்டால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்கிறோம் என்று இந்தியில் சொல்லிவிட்டுக் கிளம்பினார். அவர் சொன்னதிலும் தப்பில்லை, அவர்களுக்கும் மேலே ஆட்கள் இருப்பார்கள். முதலாளி அவரை லிப்ட் வரை கொண்டுவிட்டு வந்து, என் மேசைக்கு எதிரே உட்கார்ந்து தலையைக் கையில் தாங்கிக்கொண்டார். லாத்தாவை ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் எங்களுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

லாத்தா மைக்ராஸ்கோப்பின் முன் உட்கார்ந்து தட்டில் இருந்தவற்றை ஒவ்வொன்றாகப் பார்க்கத் தொடங்கினார். முழுவதும் பார்க்க ஒரு வாரம் ஆகும். அது அவருக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும். அந்த மூடி கிடைக்காவிட்டால் தட்டு முழுவதையும் உருக்கிக் கொட்ட வேண்டும். அத்தோடு காலாவும் போகும், எங்கள் மூவர் வேலையும் போகும். சாப்பாட்டுக்கும் மதியத் தொழுகைக்கும்கூட அவர் எழுந்திருக்கவில்லை. நான் தயிர்சாதத்தைத் திறந்து வைத்துக்கொண்டு, அந்த முதுகைப் பார்த்துவிட்டு, மூடி வைத்தேன்.

வெயில் சாயும் வேளை, அஸர் தொழுகை நேரத்தில் எழுந்து வெளியே வந்தார். முகமூடியைக் கழற்றினார். எங்கள் காலாவின் மேற்கு ஜன்னலுக்குக் கீழே ஒரு குழாயும் தொட்டியும் உண்டு. தொழுமுன் ஒளு எடுப்பது அங்கேதான். கையைக் கழுவினார், வாயைக் கொப்பளித்தார், மூக்கைச் சுத்தம் செய்தார். அடுத்தது முகம். இரண்டு உள்ளங்கையிலும் நீரை ஏந்தினார். ஜன்னல் வழியே வெயில் சாய்வாக, தரையில் டார்ச் பிடித்தது மாதிரி, அவர் முகத்தில் விழுந்தது.

இடது புருவத்தில் ஒரு நிழல் நீளமாகத் தெரிந்தது.

லாத்தாவின் புருவத்தில் அங்கங்கே நரை உண்டு. அதுவும் நரைதான் என்று ஒரு நொடி நினைத்தேன். நரைக்கு அப்படி நிழல் விழாது. கையில் இருந்த நீர் முகத்தை நோக்கி உயர்ந்துகொண்டிருந்தது. அது முகத்தில் பட்டால் அந்தப் புள்ளி தொட்டிக்குள் போய், அங்கிருந்து டிராம்பே சாக்கடைக்குப் போய்விடும். அப்புறம் உலகத்தில் யாரும் அதைக் கண்டுபிடிக்க முடியாது.

“நில்லுங்கோ லாத்தா.”

அந்தக் காலாவில் அந்தச் சொல்லை அதுவரை வேறு யாரும் சொன்னதில்லை. நீர் ஏந்திய கை மோவாய்க்கு அருகே நின்றது. ஏன் என்று கேட்கவில்லை. கண்கூட என் பக்கம் திரும்பவில்லை. விரலிடுக்கில் நீர் சொட்டிக்கொண்டிருந்தது.

எனக்கு அந்த நேரம் பார்த்துத் தும்மல் வந்தது. வராமல் இருந்தால்தான் அதிசயம். மேலுதட்டை விரலால் அழுத்திக்கொண்டு, மூச்சை நிறுத்தினேன். வாழ்க்கையில் முதல் தடவையாக என் கால் ஆடவில்லை. பெட்டி கட்டுகிறவள் என்பதால் என் மணிக்கட்டில் எப்போதும் ஒரு துண்டு டேப் ஒட்டியிருக்கும். அதை உரித்து, அவர் அருகே போய், பசைப் பக்கத்தைப் புருவத்தில் பட்டும் படாமலும் வைத்து எடுத்தேன். பிறகு ஐந்தடி தள்ளிப் போய்ச் சுவரைப் பார்த்துத் தும்மினேன். ஒன்றோடு நிற்கவில்லை.

முதலாளி டேப்பை வாங்கிக்கொண்டு ஓடிப்போய் மைக்ராஸ்கோப்பில் வைத்தார். “மூடிதான். ஓட்டை இல்ல. லாத்தா, மூடிதான்” என்று திரும்பத் திரும்பச் சொன்னார். சொல்லும்போதே அழுதுவிட்டார்.

காலையிலிருந்து சாயங்காலம்வரை அது அந்தப் புருவத்தில் இருந்திருக்கிறது. என் புருவத்தில் ஒட்டியிருந்தால் ஒரு நிமிடத்தில் உதிர்ந்து விழுந்திருக்கும், எல்லோரும் பார்த்திருப்பார்கள். வேறு யார் புருவத்தில் இருந்திருந்தாலும் அப்படித்தான். லாத்தா அசையாததால்தான் அதுவும் அசையவில்லை. எல்லோரையும் நிறுத்திப் பார்த்தவரை நிறுத்திப் பார்க்க ஆள் இல்லை. அப்படி ஒரு ஆள் வேண்டும் என்று எங்கள் யாருக்கும், அவருக்கும், தோன்றியதே இல்லை.

லாத்தா சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன். அவர் ஏந்திய நீரைத் தொட்டியில் விட்டுவிட்டு, ஈரக் கையோடு நின்றார்.

“அப்ப இத்தன வருசமும்...” என்றார். நான் காத்திருந்தேன். “...என்னய யாரு பாத்தா, மாமி?”

அனுப்பிய பெட்டிகளெல்லாம் அவர் கண் முன்னால் வரிசையாக நின்றிருக்க வேண்டும். அவற்றில் எதிலும் குறை என்று ஒரு நாளும் புகார் வந்ததில்லை. அதைச் சொன்னேன். கேட்டுக்கொண்டார். பிறகு மறுபடி முதலிலிருந்து கை கழுவி, முழுதாக ஒளு எடுத்து, தொழப் போனார். அன்று அவர் தொழுகை வெகு நேரம் நீண்டது.

மறுநாள் தட்டு போனது. கம்பெனி எடுத்துக்கொண்டது, அடுத்த ஆர்டரும் வந்தது. மேடம் அதைப் பற்றிப் பிறகு எதுவும் கேட்கவில்லை. ஆனால் மறுமுறை வந்தபோது துப்பட்டா போடாமல் வந்தார்.

அன்றிலிருந்து ஒரு புது வழக்கம் வந்தது. கண்ணாடி அறையை விட்டு எப்போது வெளியே வந்தாலும் லாத்தா என் மேசைக்கு எதிரே, ஜன்னல் வெயிலில் வந்து நிற்பார். முகமூடியைக் கழற்றி, முகத்தைச் சற்றே உயர்த்திக் கண்ணை மூடிக்கொள்வார். “பாருங்க மாமி.” நான் டார்ச்சைப் பக்கவாட்டில் பிடித்து நெற்றி, புருவம், இமை, காதோரம் என்று பார்ப்பேன். பார்த்து முடித்து “ஆச்சு லாத்தா, போகலாம்” என்று நான் சொல்லும்வரை அசைய மாட்டார். ஒருமுறை டார்ச்சுடன் நின்றபோது போன் வந்தது. எடுத்துப் பேசி, சண்டையும் போட்டு, வைத்துவிட்டுத் திரும்பினால் அவர் அதேபோல் கண்ணை மூடி நின்றுகொண்டிருந்தார். ஒருவர் தன்னை இவ்வளவு முழுதாக இன்னொருவர் கையில் கொடுக்க முடியும் என்று எனக்கு அதற்கு முன் தெரியாது. அதுவும் என் கையில்.

சில வருடங்கள் கழித்து அவர் கண்ணில் புரை விழத் தொடங்கியது. எங்களுக்குத் தெரியும் முன்பே, விளக்கைச் சுற்றி வட்டம் தெரிகிறது என்று அவரே சொல்லி இடுக்கியைக் கீழே வைத்தார். ஆபரேஷன் நன்றாகவே முடிந்தது. ஆனாலும் திரும்ப உட்காரவில்லை. மகன் நவி மும்பை நெருளில் வீடு எடுத்திருந்தான், அங்கே போவதாகச் சொல்லிவிட்டுப் போக ஒரு பிற்பகல் காலாவுக்கு வந்தார். அல்வா கொண்டு வந்திருந்தார். கண்ணாடி அறைக்கு வெளியே நின்று மெஷினைக் கொஞ்ச நேரம் பார்த்தார், உள்ளே போகவில்லை. ஒரு சாமானைக்கூடத் தொடவில்லை.

கிளம்பும்போது வாசலுக்குப் போகாமல் என் மேசைக்கு எதிரே, அந்த வெயிலில் வந்து நின்றார். முகத்தை உயர்த்திக் கண்ணை மூடிக்கொண்டார்.

“பாருங்க மாமி.”

நான் டார்ச்சை எடுத்தேன். புருவம் அப்போது முக்கால்வாசி வெள்ளையாகியிருந்தது. நெற்றியைப் பார்த்தேன், புருவத்தைப் பார்த்தேன், இமையைப் பார்த்தேன். ஒன்றும் இல்லை, இருக்கவும் வழியில்லை. போகலாம் என்று நான் ஒரு வார்த்தை சொன்னால் அவர் போய்விடுவார். கீழே ஆட்டோ ஹாரன் அடித்தது. அவர் அசையவில்லை.

“என்ன மாமி,” என்றார், உதடு அசைகிறதே தெரியாமல், “ஏதாச்சும் இருக்கா?”

“சித்த இருங்கோ லாத்தா,” என்றேன். “இன்னும் பாத்துண்டுதான் இருக்கேன்.”